வாலிபர்களும் இணைய வசவும்

2022-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி, நாடெங்கும் ஜனங்கள் ஒருவருக்கொருவர் புத்தாண்டு வாழ்த்துக் கூறிக்கொண்டிருந்த வேளையில், நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் ஸ்திரீகள் தங்கள் புகைப்படங்கள் இணையத்தில் ஏலத்துக்கு வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு திடுக்கிட்டனர். 'புல்லி பாய்' என்று பெயரிடப்பட்ட செயலி ஒன்றில் பத்திரிகையாளர்கள், பொதுநல ஊழியர்கள், புகழ்பெற்ற நடிகை ஒருவர், காணாமற்போன மாணவர் ஒருவரின் வயது முதிர்ந்த தாயார் ஆகிய பலருடைய படங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. விற்பனை ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. பொது விஷயங்களில் வாய் திறந்து பேசிய பெண்களைச் சந்தையில் நிறுத்தி அவமதிப்பதே இதன் நோக்கம் என்பது வெளிப்படை. இதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பு, 2021 ஜூலையில், 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரில் இதே கேவலம் ஒரு முறை அரங்கேறியிருந்தது. இவ்விரு பெயர்களும் அச்சமூகத்துப் பெண்களை இழித்துரைக்கும் வசைச் சொற்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

இக்காரியத்தைச் செய்தவர்கள் யார்? தழும்பேறிய பழைய கேடிகளாக இருப்பார்கள் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 2022 ஜனவரியில் 'புல்லி பாய்' சம்பந்தமாகப் போலீஸார் முதலில் கைது செய்தவர்கள் 18 வயதுக்கும் 21 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அவர்களுள் பொறியியல் மாணவர்கள் இருந்தனர். பள்ளிப் படிப்பை முடித்துச் சிறிது காலமே ஆன ஓர் இளம்பெண்ணும் இருந்தாள். அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம் நிரூபணமாகிறதா என்பது நீதிமன்றத்தைச் சேர்ந்த விஷயம். அதில் நாம் தலையிடப் போவதில்லை. ஆனால் கல்லூரியில் படிக்கும் வயதினரிடமிருந்து இத்தகைய செய்கை ஏன் பிறக்கிறது என்பது நாட்டைச் சேர்ந்த விஷயம். அதைப் பற்றிப் பேசாமலிருப்பது நம் கடமையில் தவறுவதாகும்.

இத்தகைய சம்பவம் ஒவ்வொன்றும் வெளியாகும்போது மூன்று சமாதானங்கள் கூறப்படுகின்றன. செய்தவர்கள் மனநோயாளிகள் என்பது ஒன்று. கைப்பேசியும் இணையமும் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டன என்பது மற்றொன்று. பெண்கள் தங்கள் படங்களை ஊரறிய வெளியிடுவதால் வந்த வினை என்பது மூன்றாவது. இம்மூன்றும் வெவ்வேறு வாய்களிலிருந்து வந்தாலும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. குற்றத்தை நம் வாசற்படிக்கு வெளியே தள்ளிவிட்டு நம்மை நிம்மதியாகத் தூங்க வைக்கின்றன. ஆகையால் ஒவ்வொன்றையும் சிறிது பரிசீலிப்போம்.

மனநோய் என்னும் வாதம் உண்மையோடு பொருந்துவதில்லை. தென் கொரியாவில் 2020 மார்ச்சில் 24 வயதுள்ள ஒரு வாலிபர் கைதானார். டெலிகிராம் என்னும் செய்திச் சாதனத்தில் இரகசிய அறைகளை அமைத்து, சிறுமிகள் உள்பட 70-க்கு மேற்பட்ட பெண்களை மிரட்டி, ஆபாசப் படங்களை எடுக்கச் செய்து, அவற்றைப் பணத்துக்கு விற்றார் என்பது அவர்மீது ஏற்பட்ட குற்றம். விசாரணையின்போது வெளியான செய்தி என்னவென்றால், அவர் கல்லூரிப் பத்திரிகையில் பணியாற்றியவர். ஆதரவற்ற குழந்தைகளின் விடுதியில் தொண்டு செய்தவர். அடுத்த வீட்டுப் பிள்ளையென்று எவரும் நம்பத்தக்க நடத்தை அவருடையது. மேல் விசாரணைக்குப் பின் 2021-ல் அவருக்கு 42 வருஷச் சிறைத் தண்டனை உறுதியாயிற்று. அவ்வறைகளில் பணம் கொடுத்து நுழைந்து பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஒரு தேசத்தில் ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வாலிபர்களுக்குப் பைத்தியம் பிடித்தது என்று சொல்வது அறிவுக்குப் பொருந்துமா?

இயந்திரத்தின்மீது பழி போடும் வாதமும் முழு உண்மையன்று. இதற்குச் சென்னையிலேயே சாட்சியம் இருக்கிறது. 2004-ம் வருஷத்தில், இன்றைய சமூக வலைத்தளங்கள் பலவும் பிறவாத காலத்தில், சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி ஆபாசச் செய்திகள் யாஹூ குழு ஒன்றில் வெளியாயின. அவர் பெயரிலேயே பொய்யான மின்னஞ்சல் கணக்கும் தொடங்கப்பட்டது. அதைப் பார்த்த அந்நியர்கள் அவருக்குத் தொலைபேசியில் பேசித் தொல்லை கொடுத்தார்கள். விசாரித்ததில், அவரை மணக்க விரும்பி, அவரால் மறுக்கப்பட்ட ஒருவரே இதைச் செய்தவர் என்று ஏற்பட்டது. அவ்வருஷம் நவம்பரில் எழும்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டு அவருக்குத் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனைகளுள் அது ஒன்று. கருவிகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. ஆனால் அன்று அந்த மனிதரின் கையைத் தூண்டிய எண்ணம் இன்றும் மாறவில்லை.

அந்த எண்ணம் எது? பெண் என்பவள் 'வேண்டாம்' என்று சொல்ல உரிமையற்றவள் என்னும் எண்ணமே அது. இதையே நாம் முதற் காரணமாகக் கருதுகிறோம். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பட்டம் பெற்ற ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறொரு உடலோடு இணைத்துத் தயாரித்த படங்கள் பேஸ்புக்கில் வெளியிடப்பட்டன. பெற்றோர் போலீஸாரிடம் முறையிட்டனர். நடவடிக்கை தாமதப்பட்டது. அந்தப் பெண் உயிர் நீத்தாள். அதற்குப் பிறகுதான் ஒரு வாலிபர் கைது செய்யப்பட்டார். மணம் பேசி மறுக்கப்பட்ட கோபத்தினால் செய்ததாகப் போலீஸார் கூறினர். ஜில்லாப் போலீஸ் அதிகாரி தாமதத்துக்காக வருத்தம் தெரிவித்தார். வருத்தத்தினால் போன உயிர் திரும்புமா?

நம் வீடுகளில் ஆண் பிள்ளை வளரும் விதத்தைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் உண்ட தட்டைச் சகோதரி எடுக்கிறாள். அவன் வெளியே செல்லும் நேரத்தை யாரும் கேட்பதில்லை. அவள் வெளியே செல்லும் நேரத்தை அவனே கேட்கிறான். தகப்பனார் கையோங்குவதையும் தாயார் மௌனமாய் நிற்பதையும் பார்த்தே அவன் வளர்கிறான். 2019-21-ல் நடந்த தேசீயக் குடும்ப நல ஆய்வில், ஏதேனும் ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமே என்று 100-க்கு 44 ஆண்களும் 45 பெண்களும் கூறினார்கள். அடிவாங்குகிற தரப்பே அடியை நியாயமென்று ஒப்புக்கொள்ளும்படி செய்துவிட்ட ஒரு பழக்கத்தின் வலிமையை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. இவ்வாறு வளர்ந்த பிள்ளைக்கு இருபதாவது வயதில் முதன் முறையாக ஒரு பெண் 'மாட்டேன்' என்று சொல்கிறாள். அல்லது அவனைவிட நன்றாகப் பேசுகிறாள். அவன் அபிப்பிராயத்தை மறுத்து எழுதுகிறாள். அதைத் தாங்கும் பயிற்சி அவனுக்கு எந்த வீட்டிலும் எந்தப் பள்ளியிலும் கொடுக்கப்படவில்லை. தன்னிடமிருந்து ஏதோ பறிக்கப்பட்டதாக அவன் எண்ணிக்கொள்கிறான். பறிபோனதை மீட்க அவன் எடுக்கும் ஆயுதமே வசவு.

இரண்டாவது காரணம் கூட்டாளிகளின் கைத்தட்டல். ஒரு பெண்ணை ஏசி எழுதுகிறவன் அந்தப் பெண்ணுக்காக மட்டும் எழுதுகிறான் என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் அவன் தன்னைப் போன்ற ஆண்களுக்காகவே எழுதுகிறான். இங்கிலாந்தில் 2013-ல் நடந்த ஒரு சம்பவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்நாட்டுக் காகித நாணயத்தில், அரசியைத் தவிர, ஒரு பெண்ணின் உருவமாவது இடம்பெற வேண்டுமென்று காரலைன் கிரியாடோ-பெரெஸ் என்னும் பெண்மணி கிளர்ச்சி செய்தார். அதன் பயனாக 10 பவுன் நோட்டில் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் படம் இடம்பெறும் என்று அவ்வருஷம் ஜூலையில் அறிவிப்பு வெளியாயிற்று. இந்தச் சாதுவான கோரிக்கைக்காக அவருக்குக் கற்பழிப்பு மிரட்டல்களும் கொலை மிரட்டல்களும் ட்விட்டரில் மழைபோல் வந்தன. 2014 ஜனவரியில் லண்டன் மாஜிஸ்திரேட் இருவருக்குச் சிறைத் தண்டனை விதித்தார். ஒருவர் 25 வயதுள்ள வாலிபர். நண்பரற்று வீட்டில் தனித்துக் கிடந்தவர். மற்றவர் 23 வயதுள்ள இளம்பெண். குடிமயக்கத்தில் எழுதியதாகச் சொன்னவர். அவர்களுக்கும் அந்தப் பெண்மணிக்கும் முன்பின் எவ்வித விரோதமும் இல்லை. ஊரெல்லாம் ஒருத்தியைக் கல்லால் அடிக்கும்போது தானும் ஒரு கல்லை எறிந்து கூட்டத்தில் ஓர் இடம் பிடித்துக்கொள்வதே அவர்கள் கண்ட லாபம்.

இந்த இரண்டு வழக்குகளிலும், இங்கிலாந்திலும் இந்தியாவிலும், ஓர் இளம்பெண்ணும் இருந்தது கவனிக்கத் தக்கது. "பெண்களே இதைச் செய்கிறார்களே, ஆண்களை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று சிலர் ஆக்ஷேபிப்பார்கள். நாம் சொல்வது இதுதான்: பெண்ணை இழிவாக நினைக்கும் மனப்பான்மை ஆண்களின் உடலில் ஊறியதன்று, அது நம் சமூகத்தின் காற்றில் கலந்திருப்பது. மாமியார் மருமகளுக்குச் செய்த கொடுமையை நாம் அறியோமா? ஒரு கூட்டத்தின் மதிப்பைப் பெற வேண்டுமானால் அந்தக் கூட்டம் வெறுப்பவர்களைத் தானும் வெறுக்க வேண்டும் என்னும் விதி ஆண் பெண் இருபாலாரையும் ஆட்டி வைக்கிறது. தனிமையில் வாடும் இளவயதினரை அது விசேஷமாகப் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவதாக முகமூடியைச் சொல்ல வேண்டும். அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஜான் சூலர் 2004-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதை நன்கு விளக்கியிருக்கிறார். பெயர் தெரியாமல், முகம் காட்டாமல், எதிராளியின் கண்ணீரைக் காணாமல் பேசும்போது மனிதனுடைய கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. இணையத்தில் நடப்பது ஏதோ விளையாட்டென்றும் நிஜமான உலகைச் சேர்ந்ததன்றென்றும் அவனுக்குத் தோன்றிவிடுகிறது என்பது அவர் கருத்து. ஆனால் அவர் கூறிய மற்றொரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. அதே தளர்ச்சி வேறு சிலரிடம் அபூர்வமான அன்பையும் உதாரத்தையும் வெளிப்படுத்துகிறது என்றும் அவர் சொன்னார். அப்படியானால் முகமூடி புதிதாக ஒன்றையும் உண்டாக்குவதில்லை. உள்ளே இருப்பதைத் திறந்துவிடுகிறது. ஒருவன் கோபம் கொண்டு ஆண் ஒருவரை ஏசும்போது அவருடைய அறிவையோ கட்சியையோ ஏசுகிறான். அதே கோபத்தில் ஒரு பெண்ணை ஏசும்போது அவளுடைய உடலையும் ஒழுக்கத்தையும் தாயையும் இழுக்கிறான். இந்த வித்தியாசத்தைக் கைப்பேசி கற்றுக் கொடுக்கவில்லை. தெருக்குழாயடியிலும் டீக்கடையிலும் அரசியல் மேடையிலும் நாம் கற்றுக் கொடுத்தது அது.

அரசியல் மேடை என்று சொன்னதற்கு ஆதாரம் உண்டு. 2019-ம் வருஷத்துப் பார்லிமெண்டுத் தேர்தலை ஒட்டிய மூன்று மாதங்களில், இந்திய அரசியலிலுள்ள 95 பெண்களைக் குறிப்பிட்ட ட்விட்டர் செய்திகளில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்டவற்றை ஆம்னெஸ்டி ஸ்தாபனத்தார் பரிசீலித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு செய்திகளில் ஒன்று வசவாகவோ ஆட்சேபகரமாகவோ இருந்தது. முஸ்லிம் பெண்களும் தாழ்த்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த பெண்களும் பெண் என்பதற்காக ஒரு பங்கும், பிறந்த குலத்துக்காகவும் மதத்துக்காகவும் மற்றொரு பங்கும் வசவு பெற்றார்கள். இவர்களை ஏசிய தொண்டர்களைக் கண்டித்துக் கட்சியிலிருந்து விலக்கிய தலைவர்கள் எத்தனை பேர்? எதிர்க்கட்சிப் பெண்ணை ஏசினால் வீரம். தம் கட்சிப் பெண்ணை ஏசினால் மட்டும் பெண்மைக்கு அவமானம் என்று பேசுவது எல்லாக் கட்சியாருக்கும் வழக்கமாகிவிட்டது. தலைவர்கள் சிரித்துக்கொண்டே அனுமதித்ததை இருபது வயதுத் தொண்டன் தொழிலாகவே செய்கிறான்.

நான்காவது காரணம் வியாபாரம். இணையக் கம்பெனிகளின் வருமானம் ஜனங்கள் எவ்வளவு நேரம் திரையை விட்டு அகலாமலிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மனிதரைத் திரையோடு கட்டிப்போட ஆத்திரத்தைப் போன்ற கயிறு வேறில்லை. பேஸ்புக் கம்பெனி 2017 முதல் சில காலம், ஒரு செய்தியின்மீது இடப்படும் கோபக் குறிக்குச் சாதாரண விருப்பக் குறியைப்போல ஐந்து மடங்கு மதிப்பளித்து வந்தது என்பது 2021-ல் வெளியான அக்கம்பெனியின் உள் கடிதங்களால் தெரியவந்தது. கோபமூட்டும் எழுத்துக்கு அதிகப் பரிசு கிடைக்கும் சந்தையில் எத்தகைய சரக்கு குவியும் என்பதைச் சொல்ல வேண்டுமா? இப்பொழுது செயற்கை நுண்ணறிவும் இச்சந்தைக்கு வந்துவிட்டது. ஒரு பெண்ணின் சாதாரணப் புகைப்படத்திலிருந்து ஆபாசப் படத்தைச் சில நொடிகளில் தயாரித்துவிடலாம். தென் கொரியாவில் 2024-ல் இத்தகைய போலிப் படங்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவின. பிடிபட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் பதின்வயதினர். படங்களில் இருந்தவர்களோ அவர்களுடைய சக மாணவிகளும் ஆசிரியைகளும். அவ்வருஷம் செப்டம்பரில் அந்நாட்டுச் சட்டசபை, இத்தகைய படங்களை வைத்திருப்பதும் பார்ப்பதுமே குற்றமென்று சட்டம் செய்தது. செய்பவனைப்போலவே வேடிக்கை பார்ப்பவனும் பொறுப்பாளி என்னும் கொள்கையை அது ஏற்றுக்கொண்டது.

ஐந்தாவதும் கடைசியுமான காரணம், தண்டனை வராது என்னும் தைரியம். 2021 ஜூலையில் முதல் செயலி தோன்றியபோது புகார்கள் கொடுக்கப்பட்டன, வழக்கும் பதிவாயிற்று. ஆனால் இரண்டாவது செயலி தோன்றி நாடே கூக்குரலிட்ட பிறகுதான், 2022 ஜனவரியில், முதல் செயலியைச் செய்தவர் என்று ஒருவர் கைதானார். ஆறு மாதம் ஒன்றும் நடக்காததைக் கண்டவர்கள் மறுபடி துணிந்ததில் வியப்பென்ன? முறையிட வரும் பெண்ணுக்கு ஏற்படும் அனுபவமும் சேர்ந்துகொள்கிறது. "ஏன் படம் போட்டாய்? ஏன் அவனோடு பேசினாய்?" என்பவையே அவளிடம் கேட்கப்படும் முதற் கேள்விகள். பொள்ளாச்சி வழக்கை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் நட்புக் கொண்டாடி, பெண்களை நம்பவைத்து அழைத்துச் சென்று, பலாத்காரம் செய்து, அதைப் படமெடுத்து மிரட்டிய கூட்டத்தைப் பற்றி 2019 பிப்ரவரியில் ஓர் இளம்பெண் துணிந்து புகார் கொடுத்தாள். அவளுடைய பெயரை அதிகாரிகளே வெளியிட்டுவிட்டார்கள். அதற்காக அவளுக்கு 25 லக்ஷம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கும்படி சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை சர்க்காருக்கு உத்தரவிட நேர்ந்தது. 2025 மே 13-ந் தேதி கோயமுத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. நீதி கிடைத்தது; ஆனால் ஆறு வருஷங்களுக்குப் பிறகு. முன் வந்த பெண்களின் துணிவையும் நாடு மறக்கலாகாது.

பாதிக்கப்பட்டவளையே குறை கூறும் இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு நம் தேசீய சரித்திரத்திலேயே உதாரணம் உண்டு. 1938 டிசம்பரில், பஞ்சாபைச் சேர்ந்த ஒரு மாணவி, தெருவில் செல்லும் பெண்களை வாலிபர்கள் கேலி செய்து தொந்தரவு கொடுப்பதைப் பற்றி மகாத்மா காந்திக்கு எழுதினாள். காந்தியடிகள் 'ஹரிஜன்' பத்திரிகையில் இதை மாணவர் உலகுக்கே அவமானம் என்று கண்டித்தார். குற்றவாளிகளின் பெயர்களைப் பத்திரிகைகளில் வெளியிட்டுப் பொதுஜன அபிப்பிராயத்தைத் திரட்ட வேண்டும் என்றார். ஆனால் அதே கட்டுரையில் நவநாகரிகப் பெண்கள் ஆண்களின் கவனத்தைக் கவர அலங்கரித்துக்கொள்கிறார்கள் என்றும் குறை கூறினார். கல்கத்தாவைச் சேர்ந்த பெண்கள் சிலர் உடனே அவருக்கு ஆக்ஷேபணைக் கடிதம் எழுதினார்கள். உடையைக் குறை சொல்வது தொந்தரவு செய்பவனுக்குச் சாக்குக் கொடுப்பதாகும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அவர்களுடைய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு காந்தியடிகள் 1939 பிப்ரவரியில் மறுபடி எழுதினார். மகாத்மாவையே எதிர்த்து எழுத அப்பெண்கள் துணிந்தார்கள். அவர்களுடைய ஆக்ஷேபணை இன்றும் உயிரோடிருப்பது நமக்கு வெட்கம் தரத்தக்கது. தெரு இணையமாயிற்று, உடை புகைப்படமாயிற்று, கேள்வி மட்டும் அதேதான்.

வேலையின்மையும் வறுமையும் காரணமில்லையா என்று சிலர் கேட்கலாம். வேலையின்றிப் பொழுது போகாத வாலிபன் தீய வழியில் எளிதில் செல்வான் என்பது மெய்யே. ஆனால் வேலையில்லாத பெண்களும் இந்நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கூட்டம் கூடி ஆண்களை ஏலம் விடவில்லை. பொறியியல் கல்லூரியில் படிப்பவனுக்குக் கல்வியோ வசதியோ குறைவென்றும் சொல்லமுடியாது. நெருப்புக்குக் காற்று எப்படியோ அப்படியே இதற்கு வேலையின்மை. தீப்பொறி வேறிடத்தில் இருக்கிறது.

இனிப் பரிகாரத்தைப் பற்றிச் சிந்திப்போம். புதிய சட்டம் வேண்டுமென்று உடனே குரலெழுப்புவது வழக்கம். சட்டங்கள் இல்லாமலில்லை. பாலியல் தொந்தரவு, மறைந்திருந்து படமெடுத்தல், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல் ஆகியவை 2013-ல் தனிக் குற்றங்களாக்கப்பட்டன. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையிலும் அவை இடம் பெற்றிருக்கின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67, 67ஏ பிரிவுகள் அந்தரங்கப் படங்களையும் ஆபாசங்களையும் வெளியிடுவோரைத் தண்டிக்கின்றன. அந்தரங்கப் படங்களைப் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டுமென்று கம்பெனிகளுக்கு 2021-ம் வருஷத்து விதிகள் கட்டளையிட்டன. குறை ஏட்டில் இல்லை. ஸ்டேஷன் வாசலில் இருக்கிறது. புகாரை அன்றே பதிவு செய்வதும், பெண்ணின் பெயரைக் காப்பதும், ஒழுக்க விசாரணை செய்யாமலிருப்பதும் ஒவ்வொரு போலீஸ் அதிகாரியின் கடமை. தவறுகிறவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படுமானால் பாதி வியாதி தீர்ந்துவிடும்.

அதே சமயத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். தெளிவற்ற சொற்களால் ஆன அடக்குமுறைச் சட்டம் இதற்கு மருந்தாகாது. அத்தகைய 66ஏ பிரிவு ஒன்று நம் நாட்டில் இருந்தது. 2012 நவம்பரில் பம்பாய்க்கு அருகே ஓர் ஊரில், ஓர் அரசியல் தலைவரின் மரணத்தை ஒட்டி நடந்த கடையடைப்பைப் பற்றிப் பேஸ்புக்கில் தன் கருத்தை எழுதிய பெண்ணும் அதை விரும்பியதாகக் குறியிட்ட பெண்ணும் அதன்கீழ் கைது செய்யப்பட்டார்கள். இணையத்தில் பெண்களைக் காக்க வேண்டிய சட்டம் இரண்டு இளம்பெண்களையே சிறைக்கு அனுப்பப் பார்த்தது. 2015 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அப்பிரிவைச் செல்லாதென்று தள்ளியது. சர்க்கார் கையில் வாய்ப்பூட்டைக் கொடுத்தால் அது முதலில் யார் வாயில் பூட்டப்படும் என்பதைப் பத்திரிகைத் தொழிலிலுள்ள நாம் நன்கு அறிவோம்.

பேச்சுச் சுதந்திரத்தின் பெயரால் வசவுக்குப் பாதுகாப்புத் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண் தன் கருத்தை எழுதியவுடன் நூறு பேர் கூடி அவளுடைய உடலைப் பற்றி எழுதினால், மறு நாள் அவள் எழுதுவதை நிறுத்திவிடுகிறாள். அவளைப் பார்த்து வேறு பத்துப் பெண்கள் எழுதத் தொடங்காமலே இருந்துவிடுகிறார்கள். 2019-21-ம் வருஷத்து ஆய்வின்படி இந்நாட்டில் இணையத்தை எப்போதேனும் உபயோகித்த ஆண்கள் 100-க்கு 57. பெண்கள் 33 பேரே. ஏற்கனவே ஆண்கள் மிகுந்திருக்கும் சபையிலிருந்து வந்த சில பெண்களையும் விரட்டியடிப்பது சுதந்திரமன்று; அது சுதந்திரத்தின் கழுத்தை நெரிப்பது. மகளுடைய படம் எங்கேனும் வெளியாகிவிடுமோ என்று பயந்து அவள் கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்ளும் தகப்பனாரும், அறியாமலே, வசை பாடுகிறவன் விரும்பியதைச் செய்து கொடுக்கிறார்.

ஆகவே சர்க்காரையும் கோர்ட்டையும் விட நாம் அதிகமாக நம்புவது வீட்டையும் நண்பர் குழாத்தையுமே. பெற்றோர்கள் மகளுக்கு 'ஜாக்கிரதையாக இரு' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் மகனுக்கு 'ஒழுங்காக இரு' என்று ஒரு முறையேனும் சொல்ல வேண்டும். அவன் தட்டை அவனே கழுவட்டும். சகோதரி 'இல்லை' என்றால் அது 'இல்லை'தான் என்பதைப் பத்து வயதிலேயே அவன் அறியட்டும். கல்லூரித் தலைவர்கள் இத்தகைய புகார் வந்தால், ஸ்தாபனத்தின் பெயர் கெட்டுவிடுமென்று மூடி மறைக்காமல், உண்மையை விசாரிக்க வேண்டும். மறைத்ததனாலேயே பெயர் கெட்ட ஸ்தாபனங்கள் பல.

கடைசியாக வாலிபர்களுக்கே சொல்ல விரும்புகிறோம். உங்களில் மிகப் பெரும்பாலோர் இக்காரியங்களைச் செய்வதில்லை என்பதை நாம் அறிவோம். ஆனால் உங்கள் நண்பர் குழுவில் ஒருவன் ஒரு சக மாணவியின் படத்தை அனுப்பிச் சிரிக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சிரிப்புக் குறி ஒன்றை இட்டுவிட்டு அகன்று போகிறீர்களா, மௌனமாக இருக்கிறீர்களா, அல்லது 'இதை எடுத்துவிடு' என்று சொல்கிறீர்களா? ஏசுகிறவன் தேடுவது உங்கள் கைத்தட்டலை என்று மேலே கூறினோம். அது கிடைக்காவிட்டால் அவன் வீரம் அன்றே வற்றிப் போகும். போலீஸார் வர ஆறு மாதமாகும். தீர்ப்பு வர ஆறு வருஷமாகும். நண்பன் ஒருவன் 'இது தவறு' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத் துணிவு நம் கல்லூரிகளில் பரவுமானால், முகத்தை மறைத்துக்கொண்டு பெண்களை ஏசும் இழிதொழில் நம் நாட்டில் நெடுநாள் நிலைத்திராது.